உள்ளங்கால் அளவு

அரை மணி நேரம் குப்புறப் படுத்துக் கிடக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. மயிலாத்தாள் பஞ்சு சுற்றின குச்சியால் அந்த எண்ணெயைத் தொட்டு அவருடைய வலது உள்ளங்காலில் வைத்தாள். இன்னொரு குச்சியில் ஒரு அரிசி அளவு எடுத்து நாக்குக்கு அடியில் தடவினாள். "அசையாமப் படுங்க. போன வாரம் தலகாணி ஒறையில பட்டது இன்னும் போகல" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நாச்சிமுத்து மாஸ்டர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். பாவம், முப்பத்தைந்து வருஷம் பனியன் கம்பெனியில் கட்டிங் மேஜைக்கு முன்னால் நின்ற மனிதர். நின்றபடி சாப்பிட்டு, நின்றபடி பேப்பர் படித்து, பெண்ணுக்கு மாப்பிள்ளை பேசியதைக்கூட நின்றபடியே முடித்தவர். அவரைப் போய்ப் பகலில் படு என்றால் உடம்பு கேட்குமா. முதல் வாரமெல்லாம் கால் கட்டைவிரல் தானாக ஆடிக்கொண்டிருந்தது. இப்போது பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, அதனால் மாடி வீட்டில் ஓடுகிற ஓவர்லாக் மிஷின் சத்தம் இல்லை. இத்தனை வருஷமாக அந்தச் சத்தத்தைத் திட்டிக்கொண்டிருந்தவருக்கு இன்று அது இல்லாதது ஒரு மாதிரி இருந்தது. சத்தம் இருந்தால் கவனம் அங்கே போகும். இல்லையென்றால் எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும். வலது தொடையும் அடிவயிறும் சேருகிற மடிப்புக்குப் போகும். அங்கே புளியங்கொட்டை அளவில் ஒன்று இருக்கிறது. குப்புறப் படுத்தால் மெத்தைக்கும் எலும்புக்கும் நடுவில் அது அழுந்துகிறது. வலி என்று சொல்ல முடியாது, நான் இருக்கிறேன் என்கிறது, அவ்வளவுதான். மூன்று வாரமாக இருக்கிறது. குளிக்கும்போது சோப்புக் கைக்குத் தட்டுப்பட்டது. மயிலாத்தாளுக்குத் தெரியாது, பெங்களூரில் இருக்கிற மகள் கோகிலாவுக்குத் தெரியாது, எண்ணெய் வாங்கிக் கொடுத்த சிவசண்முகத்துக்கும் தெரியாது. இடுப்பைக் கொஞ்சம் இடதுபுறமாக ஒதுக்கிப் படுத்தார். ஒதுக்கினால் தெரியவில்லை. சரி, ஒதுங்கியே படுத்துக்கொள்வோம் என்று நினைத்தார்.

கோயமுத்தூர் டாக்டரம்மா அன்றைக்கே அந்த மடிப்பில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தது ஞாபகம் வந்தது. மகள் வயசுதான் இருக்கும் அந்தம்மாவுக்கு, கையுறை போட்ட விரல் சில்லென்று இருந்தது, மாஸ்டர் கூச்சத்தில் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். "இங்க ஒண்ணும் இல்லீங்கய்யா, நல்ல நேரத்துல வந்திருக்கீங்க" என்றது. "கால்ல இருக்கறது மட்டும்னா வெட்டி எடுத்துடலாம். இங்க கட்டி வந்துருச்சுன்னா அப்பறம் பெரிய பாடு." அதைச் சொன்ன குரல்கூட அப்படியே இருக்கிறது, அந்த ரூமில் அடித்த பினாயில் வாசம் உட்பட. உள்ளங்காலில் ஒரு கருப்பு மச்சம், பிறவியில் இல்லாதது, வளைவுக்குப் பக்கத்தில் குதிகாலை ஒட்டி, ஒரு வருஷமாக மை சிந்தின மாதிரி பரவி, நடுவில் புண் வைத்து, சட்டை துணி எல்லாம் அவர் கையில் நேராக வருகிறபோது இது மட்டும் கோணல் மாணலாகப் படர்ந்துகொண்டிருந்தது. முள் குத்தியிருக்கும் என்று நினைத்தார். செருப்பு கடித்தது என்று நினைத்தார். சதை எடுத்துச் சோதித்துவிட்டுத் தோல் புற்றுநோய் என்றார்கள். அதற்கும் ஒரு பெயர் சொன்னார்கள், மெலனோமா, பெண் பிள்ளைக்கு வைக்கிற பெயர் மாதிரி இருக்கிறதே என்றுதான் முதலில் தோன்றியது. "சுத்தியும் ஒரு சென்டிமீட்டர், தேவைப்பட்டா ரெண்டு விட்டு எடுக்கணும், தொடையில இருந்து தோல் எடுத்து மூடிடுவோம், இந்த மாசத்துக்குள்ள வந்துடுங்க." சுற்றி விட்டு வெட்டுவது மாஸ்டருக்குத் தெரியாத வேலையா. தையலுக்குத் துணி விட்டுத்தான் எல்லாரும் வெட்டுவார்கள். ஆனால் அவர் விடுகிற துணி சட்டையோடு இருக்கும், இந்தம்மா விடுகிற சென்டிமீட்டர் குப்பைத் தொட்டிக்குப் போகும். நல்ல சதையை எதற்கு எடுப்பது என்று கேட்டார். கெட்டது எது வரைக்கும் போயிருக்கும்னு கண்ணுக்குத் தெரியாதுங்கய்யா என்றது. கண்ணுக்குத் தெரியாததை வெட்டுகிறதாம். அவர் வாழ்நாளில் கண்ணுக்குத் தெரியாத கோட்டில் கத்தியை வைத்ததில்லை. தொடைத் தோலை உள்ளங்காலில் ஒட்டினால் அதன்மேல் நிற்க முடியுமா, ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் நிற்குமா அது. டாக்டரம்மா கொஞ்சம் யோசித்து, "வேற வேலை பாத்துக்கலாமே" என்றது. அங்கேதான் மாஸ்டருக்கு மனசு விட்டுப் போனது.

நாக்கடியில் கசப்பு இறங்க ஆரம்பித்துவிட்டது. கோணிச்சாக்கு நனைந்த வாசமும் டீசல் வாசமும் கலந்த ஒரு கசப்பு. இன்னும் கொஞ்ச நேரத்தில் காது அடைக்கிற மாதிரி ஆகும், கை கால் யாருடையதோ போலக் கனக்கும், நினைப்பு ஒன்றைத் தொட்டால் வழுக்கி அடுத்ததற்குப் போகும். நாச்சிமுத்து மாஸ்டர் பீடி குடித்ததில்லை, சாராயம் தொட்டதில்லை, கம்பெனி ஆயுத பூஜையில் எல்லாரும் மறைவாகக் குடிக்கும்போது பொரி தின்றுகொண்டிருந்தவர். அவருக்கு ஐம்பத்தெட்டு வயதில் கஞ்சா. வாயில் சொல்லமாட்டார் அந்த வார்த்தையை. மயிலாத்தாளும் சொல்லமாட்டாள், அவளுக்கு அது "அந்த எண்ணெ". கம்பு டப்பாவுக்குள்ளே கம்புக்கு அடியில் புதைத்து வைத்திருக்கிறாள். தெருவில் போலீஸ் ஜீப் போனால் அவள் கை தானாகப் போய் டப்பா மூடியை அழுத்துகிறது, பார்த்தால் சிரிப்பு வரும். சிவசண்முகம்தான் பயப்பட வேண்டாம் என்றான். கம்பெனியில் மெர்ச்சண்டைசர், வெளிநாட்டு ஆர்டருக்குச் சாம்பிள் பெட்டியோடு வடக்கே போய்வருகிறவன், நல்ல பையன், இவரை மாமா என்றுதான் கூப்பிடுவான். கெட்ட எண்ணத்தில் கொடுத்தான் என்று யாரும் சொல்ல முடியாது. அவனுடைய அப்பாவைக் கீமோ மருந்து படுத்தின பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன், அந்தக் கோபம் அவனுக்கு ஆஸ்பத்திரி என்ற பெயரைக் கேட்டாலே வரும். போனில் வீடியோ காட்டினான். ஒரு வெள்ளைக்காரர், மூக்கில் புண், எண்ணெய் வைக்கிறார், காய்கிறது, பொருக்கு உதிர்கிறது, மூக்கு சுத்தமாக இருக்கிறது, சிரிக்கிறார். "கத்தி வேண்டாமுங்க மாமா. இது உள்ள இருக்கற கெட்டதை வெளிய ஒதுக்கித் தள்ளிரும்." மாஸ்டர் அந்த வீடியோவை நம்பவில்லை, அதைச் சொல்லியே ஆக வேண்டும். போட்டோவில் சட்டை அழகாகத்தான் இருக்கும், பிடித்து அளந்தால்தான் தெரியும். கண்ணால் பார்த்தது வேண்டாம், அளந்து பார்ப்போம், சுருங்கினால் எண்ணெய், சுருங்காவிட்டால் கத்தி, இதுதான் அவர் தனக்குள் போட்டுக்கொண்ட ஒப்பந்தம். வெளியே தள்ளும் என்றானே, அப்படியானால் மடிப்பில் ஒதுங்கியிருப்பது அதுதானோ. காலில் இருந்த கெட்டது கிளம்பி வந்து வெளியே போக வழி பார்த்துக்கொண்டு நிற்கிறதோ. மூன்று வாரமாக இந்த நினைப்பைத் தினமும் ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு வைக்கிறார். எடுக்கும்போது நம்பிக்கையாக இருக்கும், வைக்கும்போது டாக்டரம்மாவின் சில்லென்ற விரல் ஞாபகம் வரும். அடுப்படியில் மிக்ஸி ஓடி நின்றது. தேங்காய் வாசம் வந்தது.

ஒப்பந்தப்படி எண்ணெய் ஜெயித்துக்கொண்டிருந்தது, இதை ஊரே ஒத்துக்கொள்ளும்படி அவரிடம் அத்தாட்சி இருக்கிறது. தலைமாட்டில் பிளாஸ்டிக் கவரில் பதினேழு பட்டர் பேப்பர். பேட்டர்ன் போடுகிற மெல்லிசுக் காகிதம், கீழே இருப்பது மேலே தெரியும். வாரம் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை எண்ணெயைத் துடைத்த பிறகு, புண்ணின்மேல் காகிதத்தை வைத்துக் கறுப்பின் ஓரத்தோடு பென்சிலை ஓட்டி, மூலையில் தேதி போட்டு வைப்பது. முதல் காகிதம் அவரே எடுத்தது. மற்றதெல்லாம் மயிலாத்தாள் எடுத்தது. அவளும் சும்மா ஆள் இல்லை, கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் செக்கிங்கில், துணியில் குறை பார்க்கிற வேலையில், இருந்தவள், வெள்ளைத் துணிப் பின்னலில் ஒரு கண் அறுந்திருந்தால் நடந்து போகிறபோதே நின்றுவிடுவாள். இரண்டாவது வாரக் காகிதத்தை முதல் காகிதத்தின்மேல் வைத்துப் பார்த்த அன்றைக்கு மாஸ்டருக்கு எழுந்து ஓட வேண்டும் போல இருந்தது. சுற்றிலும் ஒரு நூல் குறைந்திருந்தது. ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, கட்டிங்கில் ஒரு நூல் என்றால் சட்டை போடுகிறவன் மூச்சு விடுவதும் விடாததும் அதில் இருக்கிறது. ஒரே வாரத்தில் ஒரு நூல். "ஏம்புள்ள, இங்க வா, உள்ள அடங்குது பாரு" என்று கூப்பிட்டுக் காட்டினார். அவள் பார்த்தாள், ஆமாங்க என்றாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று கோகிலாவுக்குப் போன் போட்டு, ஆபரேஷன் தேதியைக் கேட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் இனி அந்தப் பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து வாரா வாரம் அப்படித்தான். புதுக் காகிதத்தை முதல் காகிதத்தின்மேல் வைப்பார், உள்ளே அடங்கும், அடங்குது என்பார். சில வாரம் கோட்டுக்கும் கோட்டுக்கும் இடைவெளி கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது, பென்சில் மழுங்கியிருக்கும், இவள் கை ஆடியிருக்கும். வெளியே போகாத வரைக்கும் கணக்குச் சரிதான். முதல் காகிதத்தோடு மட்டும்தான் வைத்துப் பார்ப்பார், ஒரு வாரத்ததை அடுத்த வாரத்ததோடு வைக்கவே மாட்டார். அது தொழில் சுத்தம். வெட்டின பீஸை மூல அளவான மாஸ்டர் பேட்டர்னோடு வைத்துத்தான் பார்க்கணும், பீஸை பீஸோடு வைத்துப் பார்த்தால் ஒன்றில் இருக்கிற பிசகு அடுத்ததற்குப் போகும், அடுத்ததிலிருந்து அதற்கடுத்ததற்குப் போகும், கடைசியில் நாற்பதாவது பீஸில் ஒரு கை குட்டையாக இருக்கும். எத்தனை பேருக்கு இதைச் சொல்லித் திட்டியிருப்பார். பீஸோட பீஸை வெக்காதேடா, பேட்டர்ன் எங்கே, பேட்டர்னை எடு.

கனம் வந்துவிட்டது. வலது கால் தலையணையின்மேல் இருக்கிறதா, வேறு யாராவது வைத்துவிட்டுப் போன காலா. ஜன்னல் கம்பியில் ஒரு வரிசை எறும்பு போனது, எதையோ தூக்கிக்கொண்டு, அவசரமே இல்லாமல். மாமியார் வழியில் ஒரு சித்தப்பாவுக்குச் சர்க்கரை வந்து முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவர் வேட்டியை ஒரு பக்கம் மடித்துச் செருகிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பார், போகிறவர் வருகிறவர் எல்லாரும் முகத்தைப் பார்க்காமல் அந்த மடிப்பைப் பார்ப்பார்கள். மாஸ்டரும் பார்த்திருக்கிறார். வெட்கமாக இருந்தது இப்போது. மடிப்பு என்றதும் மறுபடி அங்கேதான் போகிறது புத்தி, வேண்டாம், வேறு எங்காவது போவோம். கம்பெனிக்குப் போவோம். நாளைக்குத் திங்கட்கிழமை, புது லாட் வந்து இறங்கியிருக்கும், துணியை உருளையிலிருந்து பிரித்துப் போட்டிருப்பார்களா, துணி விரிக்கிற அந்தக் குப்புசாமி போடமாட்டான், சோம்பேறி. பின்னல் துணி இருக்கிறதே, அது நெய்த துணி மாதிரி இல்லை, உருளையில் இழுத்துச் சுற்றி வைத்திருப்பார்கள், இழுபட்ட நிலையில் கிடக்கும். அப்படியே எடுத்து மேஜையில் விரித்து வெட்டினால் வெட்டும்போது சரியாக இருக்கும், வெட்டி முடித்ததும் மூச்சு விட்டுக்கொண்டு சுருங்கும், சைஸ் நாற்பது முப்பத்தெட்டாகிவிடும். ஒருமுறை ஒரு லாட் முழுக்க அப்படிப் போனது, குப்புசாமி அவசரமென்று இழுத்து இழுத்துப் பரப்பினான், ஆயிரம் பீஸும் குட்டை, முதலாளி முகத்தில் முழிக்க முடியவில்லை. அன்றைக்குக் குப்புசாமியைக் கூப்பிட்டு ஒரு துண்டுத் துணியை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துக்கொண்டு டேப் வைத்துக் காட்டினார். பாரு, இழுத்துப் பிடிச்சா பத்து. விட்டுட்டு அளந்து பாரு, ஒன்பது. துணி சுருங்கல. நீ இழுத்து அளந்தே, அவ்வளவுதான். அவனும் மண்டையை ஆட்டினான், முப்பது தடவை சொன்னாலும் மண்டையைத்தான் ஆட்டுவான். துணி சுருங்கல, நீ இழுத்து அளந்தே. ஜன்னல் கம்பியில் எறும்பு வரிசை போய்க்கொண்டே இருந்தது. துணி சுருங்கல. மாஸ்டர் கண்ணை மூடினார், திறந்தார். உடம்பில் இருந்த கனம் ஒரு இடத்தில் நின்றது.

முதல் காகிதம் கம்பெனியில் எடுத்தது. சிவசண்முகம் புட்டியைக் கொடுத்த அன்று மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போனபின், கட்டிங் மேஜை ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வலது காலைத் தூக்கி இடது தொடைமேல் போட்டு, உள்ளங்கால் தெரிய வேண்டுமே என்று இடது கையால் ஐந்து விரலையும் பிடித்துப் பின்னால் வளைத்து, பலமாக வளைத்து, உள்ளங்கால் தோல் விண்ணென்று நின்றது, அதன்மேல் பேப்பரை வைத்து வலது கையால் வரைந்தார். தனியாக வரைவதற்கு வேறு வழி இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மயிலாத்தாள். அவர் இப்படிக் குப்புறப் படுத்திருப்பார், கால் தலையணைமேல் துவண்டு கிடக்கும், தோல் தளர்ந்து சுருக்கம் விழுந்து கிடக்கும், அவள் பேப்பரை வைத்து வரைவாள். நாக்கடியில் கசப்பு நின்றுவிட்ட மாதிரி இருந்தது. காலை அசைக்காமல் கட்டைவிரலை மட்டும் மெதுவாகப் பின்னால் இழுத்துப் பார்த்தார். உள்ளங்காலில் தோல் இழுபடுவது தெரிந்தது. விட்டார், தளர்ந்தது. இழுத்தார், விட்டார். சிறுபிள்ளைகூடப் பார்த்தவுடன் சொல்லிவிடும், முப்பத்தைந்து வருஷம் துணியைத் தொட்ட கைக்கு நாலு மாசம் தெரியவில்லை. அப்படியானால் அந்த ஒரு நூல் எண்ணெய் குறைத்தது இல்லை. அவர் கை இழுத்தது. முதல் வாரமே குறைந்ததென்று குதித்தாரே, குறையவே இல்லை. பிறகு வந்ததெல்லாம் அந்தத் தப்பான பேட்டர்னுக்குள்ளே அடங்கிக்கொண்டே இருந்தது. உள்ளே அடங்கிக்கொண்டே அது என்ன செய்தது என்பது இரண்டாவது காகிதத்தைப் பதினேழாவது காகிதத்தோடு வைத்தால் தெரியும். பீஸோடு பீஸை. கவர் தலைமாட்டில்தான் இருக்கிறது, கை நீட்டினால் எட்டும். கை நீளவில்லை. நீட்டாமல் இருந்தால் என்ன. இன்றைக்கு அவள் வந்து பதினெட்டாவது வரைவாள், கால் துவண்டு கிடக்கும், முதல் காகிதத்தின்மேல் வைப்போம், அடங்குது என்போம், அவள் முகம் கொஞ்சம் தெளியும், கறிக்குழம்பு ஊற்றிச் சோறு தின்போம். யாருக்கு என்ன நஷ்டம். யாருக்கு என்று கேட்டதும் இடுப்பு தானாக வலப்பக்கம் சாய்ந்தது, புளியங்கொட்டை மெத்தையில் அழுந்தியது. அப்போது அவருக்குப் பயம் வந்தது. நெஞ்சில் இல்லை, வாயில் இல்லை, கணுக்கால் வரைக்கும் இறங்கி நின்ற பயம். நாலு மாசமாக எண்ணெய் ஒன்றையும் குறைக்கவில்லை, இந்தப் பயத்தைத்தான் மழுக்கி வைத்திருந்தது. டாக்டரம்மா நல்ல நேரத்துல வந்திருக்கீங்க என்றது. அந்த நல்ல நேரத்தை அவர் குப்புறப் படுத்தே கழித்துவிட்டார்.

மயிலாத்தாள் வெந்நீர்க் கிண்ணமும் வெள்ளைத் துணியுமாக வந்தாள். அரை மணி ஆகிவிட்டது. எண்ணெயைத் துடைத்தாள், காலை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்தாள், பென்சிலைச் சீவிக்கொண்டு புதுக் காகிதம் எடுத்தாள். "ஏனுங்க, தூங்கிட்டீங்களா?" என்றாள். "இல்ல. வரைய வேண்டாம். அந்தக் கவரை எடு." எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். தலை சுற்றியது, எண்ணெய் இன்னும் முழுசாக இறங்கவில்லை. தேதி பார்த்து இரண்டாவதை எடுத்தார், பதினேழாவதை எடுத்தார், ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்தார். அந்த மயக்கத்தில் கோடு கோட்டின்மேல் நிற்கவில்லை. இரண்டையும் அவள் கையில் கொடுத்தார். "நீ பாரு. செக்கிங்ல பாக்கற மாதிரிப் பாரு." அவள் ஜன்னலோரம் போய் நின்று பிடித்துப் பார்த்தாள். அதிக நேரம் பார்க்கவில்லை. "பெருசாயிருக்குதுங்க" என்றாள். "எவ்வளவு?" "சுத்தியும் முக்கால் நூல் இருக்கும். குதிகால் பக்கம் இன்னும் சாஸ்தி." குரலில் ஆச்சரியம் இல்லை. மாஸ்டர் அவளையே பார்த்தார். "உனக்கு முந்தியே தெரியுமா புள்ள?" அவள் காகிதங்களைக் கவருக்குள் திருப்பிப் போட்டாள். ஒழுங்காகத் தேதிப்படி போட்டாள். "வாரா வாரம் நாந்தானுங்க வரையறேன். கைக்குத் தெரியாதுங்களா. நீங்க மொதல் பேப்பர் மேல வெச்சு அடங்குது அடங்குதும்பீங்க. அளவு சொல்றது மாஸ்டர், நாம செக்கிங், நமக்குத்தான் என்னமோ தப்பாத் தெரியுதுன்னு விட்டுட்டேன்." அவர் முதல் காகிதம் எடுத்த கதையைச் சொன்னார். விரலை வளைத்துப் பிடித்ததைக் கையால் செய்து காட்டினார். அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது, பின்னல் துணியில் வேலை பார்த்தவளுக்கு இதை விளக்கவா வேண்டும். "அட கெரகமே" என்று மெதுவாகச் சொல்லிக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

அவள் உட்கார்ந்ததும் கட்டில் ஒரு பக்கம் தாழ்ந்தது. மாஸ்டருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. முப்பத்திரண்டு வருஷம் சேர்ந்து இருந்தவள்தான், இருந்தும் சொல்வதற்கு வார்த்தை எங்கே வைத்தோம் என்று தேட வேண்டியிருந்தது. கிடைக்கவில்லை. அவள் வலது கையைப் பிடித்து, வேட்டி மேலேயே அந்த மடிப்பில் வைத்தார். அவள் முதலில் ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்தாள், பகலில் இது என்ன என்கிற பார்வை. பிறகு விரல் நுனி தானாக வேலை செய்ய ஆரம்பித்தது. அறுந்த கண்ணைத் தேடுகிற விரல். தொட்டது, தாண்டிப் போனது, திரும்பி வந்து நின்றது. "எத்தன நாளாங்க?" "மூணு வாரம்." "மூணு வாரமா இத ஒருத்தராவா வெச்சிருந்தீங்க?" அவள் கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா அன்று சொன்னபோது அவளும் அறையில்தான் இருந்தாள், அதனால் இது என்னவென்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது. எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். திரும்பி வரும்போது கையில் அவருடைய வெள்ளைச் சட்டை இருந்தது, தோளில் தன் நல்ல சேலை கிடந்தது. "இன்னிக்கு ஞாயித்துக்கெழமை புள்ள. அந்த டாக்டரம்மா இருக்காது." "இருக்கற டாக்டரப் பாப்போமுங்க. அந்த எண்ணெ வெச்சது, குடுத்தது, எல்லாம் சொல்லுவோம். ஒண்ணையும் மறைக்கப்படாது. திட்டுனா வாங்கிக்கலாம்." "போலீஸ் கீலீஸ்னு..." "வந்தா வரட்டுமுங்க. பக்கத்தூட்டுப் பாத்திமா வீட்டுக்காரர் ஆட்டோ வெளியதான் நிக்குது, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லிட்டு வந்துட்டேன். நடக்க வேண்டாம்." எப்போது போய்ச் சொல்லிவிட்டு வந்தாள் என்று அவருக்குத் தெரியவில்லை. சட்டையை விரித்து அவர் முதுகுப் பக்கம் பிடித்தாள். மாஸ்டர் அசையவில்லை. கால் கட்டிலிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது, தரை எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது, வைக்க மனசு வரவில்லை. "பயமா இருக்குது மயிலா" என்றார். இத்தனை மாதத்தில் யாரிடமும் சொல்லாத வார்த்தை, தன்னிடமேகூட.

"எனக்குந்தானுங்க இருக்குது" என்றாள் அவள். "கையத் தூக்குங்க."